சண்டைக்குக் காத்திருந்த ரிசர்ச் சார்

கம்பம் பள்ளத்தாக்கில் யாராவது அடித்துக்கொள்ள வேண்டுமே என்று மனதார வேண்டிக்கொண்ட ஒரே நல்லவர் எங்கள் ரிசர்ச் சார்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினார். போலீஸ் புகார் எப்படிக் கோர்ட்டு வரை போகிறது என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, புகார் கொடுக்க வருகிறவர்களைப் பேட்டி எடுப்பார். டீக்கடைக்காரர் வெகுநாள் வரை, "இன்னும் ஜாமீன் கெடைக்கலையா சார்?" என்று பரிவோடு விசாரித்துக்கொண்டிருந்தார்.

பேட்டியின் கடைசிக் கேள்விதான் வில்லங்கம். "எதிராளிகிட்ட உங்களுக்குப் பிடிச்ச விசயம் ஒண்ணு சொல்லுங்க."

கோழியைத் திருடிவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரியை ஏசிக்கொண்டே வந்த ராயப்பன்பட்டி அம்மாள் ஒருவர் இதைக் கேட்டுத் தடுமாறிப்போனார்.

"பிடிச்சதா? எம்மகளுக்கு வலி வந்தப்ப அவதான்யா ஆஸ்பத்திரிக்குக் கூட ஓடியாந்தா..." என்று இழுத்தவர், மூக்கைச் சிந்திவிட்டு, "கோழி கெடக்குது, விடுங்க" என்று பஸ் ஏறிவிட்டார்.

இப்படியே புகார்கள் வாசலோடு திரும்பின. ஏட்டையாவுக்குக் கொண்டாட்டம். "சார், நீங்க இங்கனயே இருந்துருங்க" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். சாரோ நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போன கேஸ் இல்லாமல் ஆராய்ச்சியை எப்படி முடிப்பது? பல்கலைக்கழகம் கொடுத்த கெடுவும் நெருங்கிவிட்டது.

"அந்தக் கேள்விய எடுத்துட்டா என்ன சார்?" என்று கேட்டேன்.

"கோபத்த மட்டும் எழுதிக்கிட்டுப் போனா அது பாதி உண்மைதானய்யா" என்றார். அசையவே இல்லை மனுஷன்.

அந்தச் சமயத்தில்தான் கிணற்று மோட்டார் தகராறில் என் அண்ணன் என் ஒயரை அறுத்துவிட்டார். ஆத்திரத்தோடு ஸ்டேஷனுக்குப் போனேன். சார் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "அண்ணன் தம்பி சண்டையா! இது ஐகோர்ட்டு வரைக்கும் போகுமே!"

கடைசிக் கேள்வியையும் விடாமல் கேட்டார். ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் பட்டம் உறுதி. ஆனாலும் அவரே, "எனக்காகப் பொய் சொல்லிராதீக" என்றார்.

கையிலிருந்த அறுந்த ஒயரைக் கீழே வைத்தேன். "எட்டாப்புல நான் பெயிலானப்ப, எனக்கு விழ வேண்டிய அடிய அண்ணன்தான் வாங்குனாக சார்."

பேனாவை மூடினார். "வீட்டுக்குப் போங்க. அண்ணன் சாப்பிடாம இருக்கப்போறாக" என்றார்.

அவர் ஊரைவிட்டுப் போனபோது வழியனுப்ப வந்த கூட்டத்தில் பாதிப்பேர் பழைய எதிராளிகள். தேனி பஸ்ஸில் அவர் பெட்டியை என் அண்ணன்தான் ஏற்றி வைத்தார். பட்டம் கிடைத்ததா என்று தெரியாது. கிடைத்திருக்க வேண்டும் என்று நானும் அண்ணனும் ஒன்றாகத்தான் வேண்டிக்கொண்டோம்.