ஆறு வீடும் ஓர் உள்ளூர்க்காரரும்

கடகடகடவென்று முதலில் சத்தம்தான் கேட்கும். ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே, துறைமுகச் சந்தின் உருளைக்கல் பாதையில் பெட்டிச் சக்கரங்கள் உருண்டு வரும் சத்தம். முதலில் ஒரு பெட்டி, பிறகு நாலு, மத்தியானத்துக்குள் நாற்பது. போல்மெரினில் வசந்தம் வந்ததைச் சொல்வது பூவும் இல்லை, பறவையும் இல்லை, இந்தச் சக்கரங்கள்தான். ஈஸ்டருக்கு எறும்புகள் வந்து இறங்கிவிட்டன என்று அர்த்தம். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கார்ன்வால் கரையில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. அவர்கள் காதுபடச் சொல்வதில்லை. பிழைப்பு அவர்களை நம்பி.

அந்தச் சத்தம் கேட்டதும் கெரென்சா ஹோஸ்கிங் தன் பெட்டியை மூட வேண்டும்.

ஒன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை, யாரும் சீந்தாத குளிரில், 'கடற்காகம்' என்று பெயர் பலகை தொங்கும் துறைமுக வீட்டில் அவளும் மகள் டெகனும் குறைந்த வாடகைக்கு இருப்பார்கள். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரை அந்த வீடு எறும்புகளுக்கு. அப்போது தாயும் மகளும் ஓடைக்கு அந்தப் பக்கம், ட்ரெலோர் பண்ணை வயலில் நிற்கும் பழைய கேரவனுக்குப் போய்விடுவார்கள். அந்த ஓடைதான் ஊர் எல்லை. முழங்கால் நனையாமல் தாண்டிவிடலாம்.

கெரென்சாவின் தொழில், முடியாதவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சூப் ஊட்டுவது. எண்பது தாண்டியவர்களில் அவள் கை படாத முதுகு இந்த ஊரில் கிடையாது.

இந்த வருடம் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. பண்ணைக்காரர் ட்ரெலோர் வயலை விற்கிறார். அக்டோபரில் கேரவன் காயலான் கடைக்குப் போகிறது. கடற்காகத்தின் சொந்தக்காரரும் இனிக் குளிர்காலத்துக்கு வீடு தரமாட்டார். ஏனென்றால், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் கம்பளி போர்த்தி உட்கார்ந்து புயல் பார்ப்பது லண்டனில் நாகரிகமாகிவிட்டது. எங்கள் கூரையைப் பிய்த்துப் போகிற அதே புயலைத்தான், ஆள் வைத்துக் காப்பி கொடுக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஆக, அக்டோபரில் கெரென்சாவுக்குப் போல்மெரினில் கூரை இல்லை. நாற்பது மைல் உள்ளே தள்ளி ஒரு நகரத்தில் அறை கிடைக்கும். அங்கிருந்து காலை ஏழு மணிக்கு இங்கே வந்து யாரையும் குளிப்பாட்ட முடியாது.

இத்தகைய துயரங்களைத் துடைக்கும் உன்னத நோக்கத்துடன்தான் போல்மெரின் மக்கள் நில அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. குன்றின் மேல் இருக்கும் நிலம் ஊருக்குச் சொந்தம். அதை யாரும் என்றைக்கும் விற்க முடியாது. அதில் ஆறு வீடுகள். உள்ளூர் ஆட்களுக்கு மட்டும், உள்ளூர்ச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில். இதில் நான் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை. கேக் விற்று, பழைய துணி விற்று, நாய்க் கண்காட்சி நடத்தி, ஊரே சேர்ந்து எழுப்பிய வீடுகள் அவை. நானும் கல் சுமந்தேன்.

தலைவர் ரூபர்ட் ஆஷ்கோம்ப். லண்டனில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, பதினொரு வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். வந்த வாரமே மீனவர்கள் போடும் நீலக் கித்தான் சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்; இதுவரை படகில் கால் வைத்ததில்லை. எங்கள் மீனவர்கள் விளையாட்டுக் கம்பெனி பெயர் போட்ட பனியனோடுதான் கடலுக்குப் போகிறார்கள். இதனால், துறைமுகத்தில் மீனவரைப் படம் எடுக்க விரும்பும் எறும்புகள் ரூபர்ட்டைத்தான் எடுக்கும்.

கட்டுவதற்கு ஒரு வருடம் ஆயிற்று. உள்ளூர்க்காரர் என்றால் யார் என்று முடிவு செய்யப் பதினாலு மாதம் ஆயிற்று. கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு விதி கூடியது. ஐந்து வருடம் தொடர்ந்து ஊர் எல்லைக்குள் வசித்திருக்க வேண்டும். வீட்டுத் தேவை நிரூபிக்கப்பட வேண்டும். இந்த இரண்டும் போதாதென்று ஒன்பதாம் பிரிவு: விண்ணப்பதாரர் இந்த ஊர் எல்லைக்குள் பிறந்தவராகவும் இருக்க வேண்டும். கடைசியாக யாரோ ஒரு நல்ல மனிதர் எழுந்து, வீட்டு விலை தாங்காமல் வெளியேறிய நம் பிள்ளைகள் திரும்பி வரட்டுமே என்றார். கண் கலங்கி, ஊரில் பிறந்தவருக்கு ஐந்து வருட வசிப்பிலிருந்து விலக்கும் அளித்தோம்.

ஏப்ரலில் கெரென்சாவின் நேர்காணல் ஊர் மன்றத்தில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ரூபர்ட். பக்கத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுத டென்சில் பாஸ்கோ, நண்டு பிடித்து ஓய்ந்தவர். நாற்காலி அடுக்கப் போன நான் மூலையில்.

"வாங்க கெரென்சா, உட்காருங்க. என் மாமியார் இன்னைக்கு எப்படி இருந்தாங்க?"

"முட்டை முழுசா சாப்பிட்டாங்க தலைவரே. உங்களைத்தான் திட்டிட்டே இருந்தாங்க."

"ரொம்ப சந்தோஷம். இப்ப முறைப்படி ஆரம்பிக்கலாம். நீங்க யாரு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். குழுவுக்குத் தெரியாது."

டென்சில் எழுதிக்கொண்டார்.

"வசிப்பு," என்றார் ரூபர்ட். "ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நீங்க ஊரை விட்டு வெளியேறியிருக்கீங்க. ஆவணம் இருக்கு. வருஷத்துல ஆறு மாசம் வெளியூர்வாசம்."

"வெளியூரா! கேரவன்ல நின்னா உங்க குளியலறை தெரியுது. திரை போடுங்கன்னு எத்தனை நாளாச் சொல்லணும்னு இருந்தேன்."

டென்சில் பேனாவை நிறுத்தினார். "இதை எழுதணுமா?"

"வேண்டாம். அடுத்து, தேவை. குளிர்காலத்துல உங்களுக்கு ஊர்ல வீடு இருக்கு. அதனால தேவை இல்லை."

"கோடையில வீடு இல்லையே."

"கோடையில தேவை இருக்கு. ஆனா நீங்க ஊர்ல இல்லை. ஊர்ல இருக்கறப்போ தேவை இல்லை, தேவை இருக்கறப்போ ஊர்ல இல்லை. மன்னிக்கணும், விதி ரொம்பத் தெளிவா இருக்கு."

"அக்டோபர்ல ரெண்டு இடமும் போயிடுதே தலைவரே. அப்போ?"

ரூபர்ட்டின் முகம் மலர்ந்தது. "அப்போ உங்களுக்கு முழுத் தேவை வந்துடும்! சந்தேகமே இல்லை. ஆனா அப்போ நாற்பது மைல் தள்ளி இருப்பீங்க. சரி, இதெல்லாம் விடுங்க. ஊர்ல பிறந்திருந்தா வசிப்பே பார்க்க வேண்டியதில்லை. எங்க பிறந்தீங்க?"

"எல்லாரும் பொறக்கிற இடத்துல. டவுன் ஆஸ்பத்திரி."

"பதினெட்டு மைல்," என்றார் ரூபர்ட், வருத்தத்தோடு.

"ஆனா என்னை உண்டாக்கினது இங்கதான். எங்கப்பன் படகுல, இதே துறைமுகத்துல கட்டிக் கிடந்த படகுல."

"சாட்சி?"

"டென்சில் மாமா, உங்க படகுக்குப் பக்கத்துலதானே நின்னுச்சு?"

டென்சில் யோசித்தார். "ஆடினது ஞாபகம் இருக்கு புள்ள. காத்துன்னு நெனச்சேன்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால், விண்ணப்பம் மிகுந்த அனுதாபத்துடன் நிராகரிக்கப்பட்டது.

மற்ற நாற்பது விண்ணப்பங்களும் அதே அனுதாபத்துடன் போயின. அப்போதுதான் டென்சில் பிறப்புப் பதிவேட்டைத் தூசி தட்டினார். ஊர் மருத்துவச்சி ஓய்வு பெற்றது 1971-இல். அதற்குப் பிறகு போல்மெரினில் யாரும் பிறக்கவே இல்லை. வலி கண்டதும் எல்லாரும் பதினெட்டு மைல் போய்விடுகிறார்கள். அதற்கு முன் பிறந்தவர்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. ஆகவே தேவை இல்லை. அரை நூற்றாண்டாக உள்ளூர்க்காரர் ஒருவர்கூட உற்பத்தியாகாத உள்ளூர் இது என்று அன்றுதான் தெரிந்தது.

குழு துவண்டுவிடவில்லை. ஆறாம் எண் வீட்டைப் பிரசவ அறையாக மாற்றி, தேவையான உள்ளூர்க்காரர்களை இங்கேயே பெற்றுக்கொள்வது, அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை மீதி வீடுகளைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது என்று நீண்டகாலத் திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. அந்த அறையில் பிரசவிக்க வருகிற தாய் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் திட்டம் நின்றுவிட்டது. இதற்கிடையில், மிகக் குறைந்த தேய்மானமுள்ள குடியிருப்பு என்று மாவட்டத்திலிருந்து விருது வந்தது. ஆள் இல்லாத வீடு சோகமாகத் தெரியும் என்பதால் மாலை ஆறு மணிக்குத் தானாக விளக்கு எரியும்படி செய்திருந்தார்கள். கேரவன் படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் டெகனுக்கு அந்த வெளிச்சம் நன்றாகத் தெரியும்.

மே மாதம் டென்சில், முதலில் கண்ணுக்குத் தப்பிய ஒரு பெயரைக் கண்டுபிடித்தார். ஷேன் டஃப்லி. பிறந்த தேதி 1997 ஆகஸ்ட். பிறந்த இடம், போல்மெரின் துறைமுகக் கார் நிறுத்துமிடம். பர்மிங்ஹாமிலிருந்து விடுமுறைக்கு வந்த அவன் அம்மா, இறைச்சி அடைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பண்டமான பாஸ்டி வாங்க வரிசையில் நின்றபோது வலி கண்டிருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் அள்ளிக்கொண்டு போகும்வரை நாற்பது நிமிடம் அவன் எங்கள் ஊரில் இருந்திருக்கிறான்.

ரூபர்ட் கடிதம் எழுதி வரவழைத்தார். பர்மிங்ஹாமில் கண்ணாடி அறை கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் விற்பனையாளர், நல்ல பையன், புது ஷூ போட்டிருந்தான்.

"இந்த ஊரைப் பத்தி உங்க மனசுல என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டார் ரூபர்ட், குரல் தழுதழுக்க.

"ஒண்ணும் இல்லீங்க. நான் அப்போ பொறந்துட்டிருந்தேன்."

"போல்மெரின்ல உங்களுக்கு வீடு இருக்கா?"

"எனக்கா? இல்லையே."

"தங்க இடம்?"

"ராத்திரி ரயில்ல திரும்பிடுவேன்."

"முழுத் தேவை," என்றார் ரூபர்ட். டென்சில் பெருமூச்சு விட்டபடி எழுதினார்.

"ஆனா நான் அங்க பர்மிங்ஹாம்ல நல்லாத்தானே இருக்கேன்? வேலை இருக்கு. ஆகஸ்ட்ல ரெண்டு வாரம் வேணா வரலாம்."

"அது போதும் தம்பி. உள்ளூர்க்காரர் ஊர்லயே இருக்கணும்னு எந்த விதியும் இல்லை."

இவ்வாறாக ஒன்றாம் எண் வீட்டின் சாவி, கைதட்டலுக்கிடையே, ஷேன் டஃப்லியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஜூனில் ஊர்க் கூட்டம். இடமில்லாமல் ஜன்னல் திண்டில்கூட ஆள். கெரென்சா வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்தாள்; கையில் இன்னும் சோப்பு வாசனை.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றாள். "அக்டோபர்ல நான் போயிட்டா டெகன் பள்ளிக்கூடம் போச்சு. உங்க பெத்தவங்களைக் குளிப்பாட்ட ஆள் போச்சு. அதுவும் போகட்டும். இந்த ஒன்பதாம் பிரிவை எந்தப் புண்ணியவான் கொண்டு வந்தான்? அவன் மூஞ்சியை நான் பார்க்கணும்."

ஊரே திரும்பி ரூபர்ட்டைப் பார்த்தது. "அதானே!" என்றது பின்வரிசை. "நீலச் சட்டைக்காரன் வேற யாரு!" ரூபர்ட் முகம் சிவந்து, "குறிப்பைப் படிங்க டென்சில்," என்றார்.

டென்சில் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"படிங்க மாமா."

"வேண்டாம் புள்ள."

"படிங்கன்னா!"

"ஒன்பதாம் பிரிவு. முன்மொழிந்தவர், கெரென்சா ஹோஸ்கிங்." அவர் நிமிரவில்லை. "பிரைட்டனிலிருந்து வந்து மண் கோப்பை செய்யும் அம்மாளுக்கு வீடு கிடைத்துவிடக் கூடாது என்ற காரணத்தால். வழிமொழிந்தவர்..."

என் பெயரை வாசித்தார். நான் தூத்துக்குடியில் பிறந்தவன். இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்றைக்கு எல்லாரும் கை தூக்கிய வேகத்தில் நானும் தூக்கினேன். கொஞ்சம் முன்னதாகவே தூக்கியிருப்பேன் போலிருக்கிறது.

"ஏகமனதாக, பலத்த கரவொலியுடன் நிறைவேறியது," என்று முடித்தார் டென்சில்.

கெரென்சா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா," என்றாள். "அந்தக் கோப்பையில டீ ஊத்தினா ஒழுகும்."

பிறகு எல்லாரும் பாய்ந்து பாய்ந்து கை தூக்கினார்கள். ஒன்பதாம் பிரிவு நீக்கம். ஐந்து வருட விதியும் நீக்கம். கெரென்சாவுக்கு இரண்டாம் எண் வீடு. ஒருவர் அழுதார், ஒருவர் பீர் வாங்கித் தருவதாகச் சொன்னார். ரூபர்ட் மட்டும் விதிப்புத்தகத்தைத் தடவினார்.

"சின்ன சம்பிரதாயம்தான். வாடகைதாரர்கள் எழுத்துமூலம் சம்மதிக்காம உள்ளூர் விதியை மாத்த முடியாது. பதினாலாம் பிரிவு. ஏழைகளோட குரலுக்கு மதிப்பு கொடுக்கணும்னு நாமதான் போட்டோம்."

வாடகைதாரர்கள் என்றால் ஒரே ஒருவர். நல்ல பையன்தானே, உடனே சம்மதிப்பான் என்று எல்லாரும் கலைந்தோம்.

ஆகஸ்டில் அவன் வந்தான், இரண்டு வாரம் இருந்தான். வாசலில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்தான். துறைமுகக் கடையில் ஒரு நீலக் கித்தான் சட்டை வாங்கினான். ஊருக்குத் திரும்பிப் போய்த்தான் பதில் எழுதினான்.

கடிதத்தைக் கெரென்சாவிடம் சேர்க்க டென்சில் புறப்பட்டார். சாட்சிக்கு நானும் போனேன். அறக்கட்டளை ஆவணங்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால், ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றோம். அந்தப் பக்கம், கேரவனுக்கும் வேலிக்கம்பத்துக்கும் நடுவில் கட்டிய கொடியில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காற்று பலமாக இருந்தது.

"சத்தமாப் படிங்க மாமா, கேட்கல."

டென்சில் தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினார்: "மதிப்பிற்குரிய குழுவினருக்கு. விதி மாற்றத்துக்கு என்னால் சம்மதிக்க இயலவில்லை. பக்கத்து வீடுகளில் ஆள் வந்தால், நம் ஊரின் அமைதி கெட்டுவிடும். இன்று ஒருவரை விட்டால் நாளை வெளியூர்க்காரர்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். உள்ளூர்க்காரன் என்ற முறையில் எனக்கு இதில் பொறுப்பு இருக்கிறது."

ஓடை ஓடிக்கொண்டிருந்தது. கெரென்சா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என் வார்த்தைதான் இது," என்றாள். "கோப்பைக்காரம்மாவைப் பத்தி நான் சொன்னது. எழுத்து மாறல."

"இன்னும் ஒரு மாசம் இருக்கு புள்ள," என்றார் டென்சில். "என்ன பண்ணப் போற?"

"நாளைக்கு ஏழு மணிக்கு ரூபர்ட் மாமியாருக்குக் குளியல்."

"அதுக்கப்புறம்?"

அவள் கூடைக்குள் குனிந்து டெகனின் பள்ளிக்கூடக் காலுறை ஒன்றை எடுத்து உதறினாள். ஜோடியைத் தேடினாள். கிடைத்ததும் இரண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டிவிட்டு, அடுத்த துணிக்குக் கூடையில் கைவிட்டாள்.