மதிலோரம் கடைசி ஸ்டாப்

பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனை முழியைப் பார்த்தே பிடித்துவிடுவார் செக்கிங் இன்ஸ்பெக்டர். வீட்டில் அவர் முழியைப் பார்த்தே அவரைப் பிடித்துவிடுவாள் அவர் மனைவி. அதனால் வீட்டுக்குள் அவர் கண்ணை அதிகம் திறப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு சபதம் எடுத்திருந்தார். வானமே இடிந்து விழுந்தாலும் செங்கலைத் தொடுவதில்லை!

குளியலறை கட்டி மிச்சமான செங்கல் பின்வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. துணி உலர்த்தப் போகிறவர்களின் கால் கட்டைவிரலை அது ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. அதைத் தோட்டத்துக் கோடியில் மதிலோரமாக அடுக்கச் சொல்லி மனைவி மாதக்கணக்கில் கரடியாய்க் கத்திவிட்டாள். அவள் பேச்சை எடுத்தாலே இவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ‘செ’ என்றாலே போதும். ஒரு தடவை அவள் செருப்பைத் தேடியபோதுகூடப் பிடித்துக்கொண்டது.

“ஏங்க, இன்னிக்காவது...”

“ஐயோ, இடுப்பு!”

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?”

“நீ சொல்லப்போறது இடுப்புக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது.”

அவள் சண்டைக்கு வரவில்லை. தலையணையை வேறு தட்டிப் போட்டாள்.

“நல்லாப் படுங்க. நான் அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வரேன். பசங்க பின்னாடி பஸ் விளையாடப் போறாங்க. நீங்க எழுந்திரிக்கவே வேணாம்.”

இப்படி ஒரு மனைவி அமைய என்ன தவம் செய்தோமோ என்று உருகிப்போய் அவர் ஜன்னலோரக் கட்டிலில் காலை நீட்டினார்.

வெளியே பஸ் புறப்பட்டது. பழைய பிளாஸ்டிக் தொட்டி. அதில் ஒரு கயிறு. பிள்ளைகளில் இழுக்கிற அக்கா டிரைவர், தள்ளுகிற தம்பி கண்டக்டர். செங்கல்தான் பயணிகள். ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் கண்ணும் மூக்கும் வாயும் வரைந்திருந்தாள் அக்கா. சிலதுக்கு மீசை. டிக்கெட்டுக்குச் செம்பருத்தி இலை.

“இவரு பாதி உடைஞ்சிருக்காரு. அரை டிக்கெட்!” என்றான் தம்பி.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடியபடியே சிரித்தார். நம்ம ரத்தம்!

“மதிலோரம் வந்தாச்சு. திருப்பு, திருப்பு!”

“யாரும் இறங்கலையே?”

“இறங்க வேணாம்டா. அப்படியே திரும்பிப் போகட்டும். அவங்களுக்கு ஜாலியா இருக்கும்.”

கட்டிலில் ஒரு கண் திறந்தது. கடைசி ஸ்டாப்பில் இறங்காமல் அதே டிக்கெட்டில் திரும்பிப் போவதா? அவர் புரண்டு படுத்தார். தலையணையால் காதை அடைத்தார். பஸ் இரண்டாவது முறையும் அப்படியே திரும்பியது. அதற்குமேல் தாங்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

“நிறுத்து வண்டியை!”

டிரைவர் கயிற்றைப் பிடித்தபடி திரும்பினாள். “ஏம்ப்பா?”

“கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கணும். காலி வண்டிதான் திரும்பணும்.”

“இறங்க மாட்டேங்கிறாங்கப்பா,” என்றான் கண்டக்டர்.

“எவன் அவன்? மீசைக்காரனா? நான் இறக்குறேன் பாரு.”

மீசைக்காரரை இறக்கினார். அரை டிக்கெட்டை இறக்கினார். கண்ட இடத்தில் நிற்காதீர்கள் என்று அதட்டி, மதிலோரம் வரிசையாக அடுக்கினார். பிறகு வண்டியை அவரே இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார். அங்கே ஒரு பெருங்கூட்டம் காத்துக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. டிரைவர் குழாயடியில் காகிதக் கப்பல் விடப் போய்விட்டாள். கண்டக்டர் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் குந்திவிட்டான்.

“அப்பா, வாங்கப்பா, கப்பல் விடலாம்!”

“ஸ்டாப்ல ஜனம் நிக்குதும்மா. பாதியில விட்டுட்டு வர முடியுமா?”

வேர்த்துக் கொட்டியது. இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. வேலையில் மற்றவர்கள் ஓட்டும் பஸ்ஸில் ஏறி ஏறி இறங்கியவருக்கு இன்றுதான் சொந்தமாக ஒரு ரூட் கிடைத்திருந்தது. வாயாலேயே ஹாரன் அடித்தார். வளைவில் பிரேக் போட்டார். பின்வாசலில் ஒரு பயணிகூட மிச்சமில்லை என்று ஆன பிறகுதான் நெஞ்சு நிறைந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“அடேயப்பா!” என்று பின்னால் குரல் கேட்டது. அக்கா வீட்டிலிருந்து திரும்பிவிட்ட மனைவி கையில் துணி வாளியோடு வெறும் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “அத்தனையும் எடுத்து அடுக்கிட்டீங்களே!”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மதிலைப் பார்த்தார். அத்தனை செங்கலும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

“இது உன் வேலையா?”

“நான் பசங்களை பஸ் விளையாடச் சொன்னேன். அவ்வளவுதான்.”

“நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கடைசி ஸ்டாப்ல இறக்காமத் திருப்புங்கன்னும் சொன்னேன்.”

மகள் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அடுத்த வாரம் வாசல்ல மிச்சம் கிடக்கிற மணலை வெச்சு லாரி விளையாட்டு! அம்மா சொல்லிட்டாங்க!”

முடியவே முடியாது, இடுப்பு தாங்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

“தார்ப்பாய் மூடாம மணல் லாரி ஓட்டக் கூடாது, தெரியுமில்ல?”

“தார்ப்பாய் எடுத்து வெச்சாச்சுங்க,” என்றாள் மனைவி.