முகமூடியும் அப்பாவின் தாடியும்

லூயிஷம், லண்டன்
1938 அக்டோபர் 1, சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அப்பாவுக்கு,

எட்வின் எழுதுவது. நான் நலம். இந்த வாரத்தில் முதல் முறையாக அதை உண்மையாகவே எழுதுகிறேன். உங்கள் நலமும் தாடியின் நலமும் அறிய ஆவல்.

போர் இல்லை. ஆகவே செவ்வாய்க்கிழமை நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். "தாடியை மழிக்காவிட்டால் நீங்கள் என் தகப்பனே அல்ல" என்ற வரியை முதலில் கிழியுங்கள்.

நடந்தது இதுதான். திங்களன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஊரார் எல்லோருக்கும் விஷவாயு முகமூடி கொடுத்தார்கள், மாட்டிவிட்ட திருமதி பிளெட்சோ அதன் முனையில் ஓர் அட்டையைப் பிடித்து மூச்சை இழுக்கச் சொன்னார், அட்டை ஒட்டிக்கொண்டால் பக்கவாட்டில் காற்று புகவில்லை என்று பொருள், எனக்கு அட்டை விழுந்தது, மறுபடியும் விழுந்தது, வரிசை முழுக்கச் சிரித்தது.

"தாடி வழியா காத்து பூந்துடுது தம்பி. வாயு வந்தா, தத்துவம் படிச்சவன்னு சொல்லிப் பாருங்க" என்றார்.

ஓடிப்போய் மழித்தேன். கண்ணாடியில் யாரோ. மோவாயே இல்லாத ஒருவன். நான் யார் என்று பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் யோசித்தேன். விடை இதுவாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் அட்டை ஒட்டியது.

அந்தப் பதற்றத்தில்தான் உங்களுக்கு எழுதினேன். தங்கை எனிட் உடனே பதில் போட்டிருந்தாள். நீங்கள் காலையும் மாலையும் ஓர் அங்குலம் கத்தரித்துவிட்டு முகமூடியை மாட்டிப் பார்க்கிறீர்களாம், அட்டை விழுகிறதாம், "இதான் கடைசி அங்குலம். இதுக்கு மேல முகமூடி கேக்காது" என்கிறீர்களாம், அம்மா அழுகிறாளாம்.

இனி எதுவும் வேண்டாம். நேற்று பிரதமர் மியூனிக்கிலிருந்து கையெழுத்தான காகிதத்தோடு திரும்பிவிட்டார். செக் நாட்டின் எல்லைப் பகுதியைக் கொடுத்தாகிவிட்டது. அவர்களைக் கேட்கவில்லை. இதுதான் கடைசி என்று ஹிட்லர் சொல்லியிருக்கிறாராம். தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுதோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நிம்மதி அதைவிடப் பெரிது.

மிஞ்சியதை வளரவிடுங்கள். முப்பது வருடத் தாடி. கிறிஸ்துமஸுக்குள் கொஞ்சமாவது திரும்பிவிடும். நானும் வளர்க்கத் தொடங்கிவிட்டேன்.

அம்மாவுக்கு முத்தங்கள். எனிடுக்கு அன்பு. உங்கள் கத்தரிக்கோலுக்கு ஓய்வு.

கீழ்ப்படிந்த மகன்,
எட்வின்

பின்குறிப்பு: திங்கள் காலை. இதைத் தபாலில் போடும் வழியில் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். திருமதி பிளெட்சோ வாங்கவில்லை. யாருடையதையும் வாங்கவில்லை. "வீட்லயே இருக்கட்டும் தம்பி. வெயில் படாம வைங்க" என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் என் மோவாயில் இரண்டு நாளாக முளைத்திருந்ததைப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பி மழித்துவிட்டேன். நீங்களும் மழித்துவிடுங்கள் அப்பா. முழுக்க. அட்டை ஒட்டியதா என்று எனிடை எழுதச் சொல்லுங்கள்.