சீடியில் இல்லாத ஒரு சுற்று

இறம்பொடை,
மாசி 1989.

பாசத்துக்குரிய குவைத் மாமா அவர்களுக்கு,

மருமகள் யோகேஸ்வரி வணங்கி எழுதுவது. நாங்கள் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம், பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அதனால் எழுதிவிட்டேன். நீங்கள் நம்ப வேண்டாம்.

அப்பா தூங்குகிறார். விளக்கைக் குறைத்து வைத்துப் பயந்து பயந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

நீங்கள் அனுப்பிய சீடி மெஷினும் கும்மிப்பாட்டு சீடியும் பத்திரமாக வந்தன. பாட்டு முடிந்ததும், கோயிலுக்குப் பாட்டுப் போடுகிற பழக்கத்தில் அப்பா சீடியை எடுத்துத் துடைத்து, ரெக்கோட் தட்டைப் போலவே திருப்பிப் போட்டார். மெஷின் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பக்கத்துக்காக லயத்து வீட்டுச் சனமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, கடைசியில் எல்லோரும் இருமிக்கொண்டே கலைந்து போனார்கள். சத்தத்தைக் குறை சொல்லமாட்டேன் மாமா. எங்கள் ரெக்கோட்டில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும், இதில் பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. கோயில் தலைவர் மாயாண்டி அங்கேயே சொல்லிவிட்டார், இந்த வருசம் மாரியம்மன் திருவிழாக் கும்மிக்கு சீடிதான் என்று.

அங்கேதான் வினை. நான் தவழ்ந்த காலத்தில் அடுப்புப் பக்கம் போன என்னைத் தூக்க அம்மா ஓடியபோது, அவர் முழங்கை இடித்துக் கும்மிப்பாட்டு ரெக்கோட்டில் கீறல் விழுந்ததாம். அதிலிருந்து ‘தாயே’ என்ற இடத்தில் ஊசி இரண்டு தடவை பின்னால் குதித்து, ‘தாயே, தாயே, தாயே’ என்று மூன்று தரம் பாடிவிட்டுத்தான் நகரும். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றி ஆடியே பழகியவர்கள். பாட்டே அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஒத்திகையில் சீடி ஒரே ஒரு ‘தாயே’ சொல்லிவிட்டுப் போய்விட்டது. பாதிப்பேர் சுற்ற, பாதிப்பேர் நிற்க, காளியாயி அக்கா தலைவர் மேலேயே விழுந்தார்.

“பாட்டு சரி, உங்க காலுதான் தப்பு!” என்றார் தலைவர்.

“எங்க காலுல தப்பில்ல தலைவரே, உங்க பாட்டுதான் ஒரு சுத்து கொறைச்சலா இருக்கு!” என்றார் காளியாயி அக்கா.

“குவைத்துல இருந்து வந்த பாட்டுடீ அது!”

“அப்ப குவைத்துக்காரியையே கூட்டியாந்து ஆடச் சொல்லுங்க!”

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அம்மா போனதிலிருந்து, அந்த மூன்று ‘தாயே’ வரும்போது அப்பா தலையை நிமிர்த்தி, கும்மி வட்டத்தில் அம்மா நிற்கிற இடத்தைப் பார்ப்பார். அன்றைக்கும் தலையை நிமிர்த்தினார். அதற்குள் பாட்டு வேறு அடிக்குப் போய்விட்டது.

‘பழைய ரெக்கோட்டையெல்லாம் தூக்கிப் போடுங்க மாப்ள’ என்று நீங்கள் அப்பாவுக்கு எழுதியதைத் தலைவர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அடுத்த மாதம் பழைய சாமான் வாங்க வரும் லொறிக்கு ரெக்கோட்டையெல்லாம் கொடுக்கப் போகிறார்கள். நீங்கள் சொன்னது என்பதால் அப்பாவே சாக்கில் கட்டி வைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார். மாமா, அந்த ஒரு ரெக்கோட்டை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று தலைவருக்குத் தந்தி அடியுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள்.

அந்த ஊர் வெயில் உங்களை அதிகம் சுடாமல் இருக்க அம்மனைக் கும்பிடுகிறேன்.

அன்புள்ள மருமகள்,
யோகேஸ்வரி

பி.கு.: அப்பா எழுந்துவிட்டார். கடிதத்தை வாசித்தார். அடிப்பார் என்று நினைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்தார். “இத அனுப்பாத, ஆத்தா. தங்கச்சி வீட்டுக்குன்னு வெயில்ல கெடந்து சம்பாரிச்சு வாங்குனது. மாமா மனசு நோகும்” என்றார். வேறு ஏர்மெயில் தாள் இல்லாததால் மாற்றுக் கடிதத்தை இதன் அடியிலேயே எழுதச் சொன்னார். ஆகவே மேலே உள்ளது எதையும் நீங்கள் வாசிக்கவில்லை. தந்தி வேண்டாம். மெஷின் மிகவும் நன்றாகப் பாடுகிறது. அதைக் கேட்டு அப்பா தினமும் சிரிக்கிறார் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.