கிரேன் அண்ணனின் நாலு விசைக் கன்ட்ரோலர்

கன்ட்ரோலர் வந்த பெட்டியைப் பிரித்த அன்று அங்கே இருந்தவர்கள்: நான், மார்த்தாண்டத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பினு, அதே கட்டிடத்தில் மொபைல் கடை. ராபின், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுகிறவன், எங்கள் அணிக்கு உபரி ஆள். கிரேன் அண்ணன். கிரேன் அண்ணனின் மச்சினன், வாசலுக்கு வெளியே. அவருக்கு உள்ளே வர அனுமதி இல்லை.

கிரேன் அண்ணனைப் போலக் கோபப்படுகிற மனுஷன் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. மழை பெய்தால் மழை மேல் கோபம். விட்டால் ஏன் விட்டது என்று கோபம். சாயாவில் சீனி கூடினால் ஏச்சு. சரியாக இருந்தால், "இன்னைக்கு மட்டும் எப்பிடிலே சரியா இருக்கு?" என்று அதற்கும் ஏச்சு.

குவைத்தில் கிரேன் ஓட்டினவர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். நாங்கள் கேட்டதில்லை.

அவருக்கு வலது கைப் பெருவிரல் மடங்காது. அது கிரேன் செய்த வேலை இல்லை. லீவுக்கு வந்தவரைக் கூப்பிட ஏர்போர்ட்டுக்குப் போன மச்சினன் கார் கதவை அடைத்தார். விரல் உள்ளே இருந்தது. விரல் மடங்காத ஆளுக்குக் கம்பெனி கிரேன் கொடுக்காது. அத்தோடு கல்ஃப் முடிந்தது.

பினு கடை மாடியில் ஒரு டிவியும் கேம் பெட்டியும் உண்டு. சாயங்காலம் சுடுகிற கேம் ஆடுவோம். மூன்று பேர் ஓர் அணி. ஒருநாள் கிரேன் அண்ணன் எங்களை ஏச மாடி ஏறி வந்தார். கன்ட்ரோலரைக் கையில் வாங்கிப் பார்த்தார். அப்புறம் இறங்கவில்லை. ஆனால் அந்தக் கன்ட்ரோலரில் வலது பக்கம் இருக்கிற நான்கு பட்டனும் பெருவிரலுக்கு உள்ளவை. அவர் கையைத் திருப்பி ஆள்காட்டி விரலால் அமுக்குவார். அமுக்குவதற்குள் சுட்டுவிடுவார்கள். டிவியை ஏசுவார்.

நாகர்கோவிலில் ஒரு போட்டி வந்தது. ராபினைப் போடலாம் என்றான் பினு. "அண்ணனுக்குக் கை வழங்க மாட்டேங்கு மக்கா. நாம என்ன செய்ய?" அண்ணன் படியில் நின்று கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து வரவில்லை. வீட்டிலேயே இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, அவரை எப்படியாவது கூட்டிக்கொண்டு போகச் சொல்லி எங்களைக் கும்பிட்டார்கள்.

விஷயம் துபாயில் இருந்த மச்சினன் காதுக்குப் போனது. லீவுக்கு வந்தபோது இந்தக் கன்ட்ரோலரைக் கொண்டுவந்தார். பின்பக்கம் நடுவிரலும் மோதிரவிரலும் படுகிற இடத்தில் நான்கு விசை. முன்னால் இருக்கிற எந்தப் பட்டனின் வேலையையும் அவற்றுக்கு மாற்றிக் கொடுக்கலாம். குறியை நகர்த்துகிற ஸ்டிக்கைக் கழற்றி நீளமானதோ குட்டையானதோ மாட்டலாம். ட்ரிகர் எவ்வளவு தூரம் அமுங்க வேண்டும் என்றுகூட வைக்கலாம்.

"வெரல எடுத்துட்டு வெசையத் தாறானா?" என்றார் அண்ணன்.

மச்சினன் வெளியே நின்று சொன்னார். "அத்தான், பிடிச்சுப் பாருங்க. கொள்ளாம், நல்லா இருக்கு."

"நீ பேசாத. மொதல்ல அந்தக் கதவுல இருந்து கைய எடு."

ராபின் செட்டிங் போட உட்கார்ந்தான். இருந்ததிலேயே நீளமான ஸ்டிக்கை மாட்டச் சொன்னார். மாட்டினான். முன்னால் தள்ளினால் கீழே பார்க்கும்படி மாற்றச் சொன்னார்.

"எல்லாரும் நேரேதான் வைப்பாவ அண்ணே. தள்ளினா மேல பாக்கும்."

"தள்ளினா கிரேன் கை தாழும். இழுத்தா பொங்கும். இந்தக் கம்பெனிக்காரன் கிரேன்ல ஏறியிருக்கானா? கேளு அவன்ட்ட."

திரும்புகிற வேகத்தையும் குறைக்கச் சொன்னார். லோடு ஆடுமாம்.

"துப்பாக்கில ஏதுண்ணே லோடு?"

"ஒனக்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அது லோடு இல்லியா? ஆட்டாம இரி."

மூன்று விசைக்கு வேலை கொடுத்தாயிற்று. குதிக்க, குனிய, குண்டு நிரப்ப. நாலாவது எதற்கு என்று கேட்டான் ராபின்.

"ஹாரன்."

கேமில் நம் ஆள் சத்தம் போட்டுக் கூப்பிட ஒரு பட்டன் உண்டு. அதை அந்த விசைக்குக் கொண்டுவரச் சொன்னார். கிரேன் திரும்பும் முன் ஹாரன் அடிக்க வேண்டும். அது அவருக்குச் சட்டம். ஆகவே சுவருக்குப் பின்னால் மூன்று பேரும் மூச்சுவிடாமல் ஒளிந்திருக்கும்போது, இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றினால், முதலில் அலறுவார். எதிரி வருவான். மூன்று பேரையும் சுட்டுவிட்டுப் போவான்.

டயர் லிவர் கீழே கடையில் இருந்தது. அது அவருடைய நல்ல காலம்.

"ஒளிஞ்சிருக்கோம் அண்ணே. எதுக்கு ஹாரன்?"

"சொல்லாம திரும்பினா ஆளு சாவும்லே."

"சாவத்தானே சுடுதோம்?"

அதற்குப் பிறகு என்னைத்தான் ஏசினார். என் அப்பாவையும் ஏசினார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கன்ட்ரோலர் அவர் கையில் உட்கார்ந்துவிட்டது. ட்ரிகரைப் பாதித் தூரத்துக்கு வைத்துக்கொண்டார். குறி நூல் பிடித்ததுபோல் போகும். நின்றால் நிற்கும், நடுங்காது. ஹாரனை நிறுத்த முடியாது என்று தெரிந்தபின் பினுவும் நானும் ஒரு வழி கண்டோம். அவர் அலறுவார். எதிரி சத்தத்தைப் பார்த்து ஓடி வருவான். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் காத்திருந்து சுடுவோம். ராபினை மறுபடியும் உபரியில் உட்கார வைத்தோம்.

நாகர்கோவிலில் கல்யாண மண்டபத்தில் போட்டி. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினார். இரண்டு காதிலும் மாட்டச் சொன்ன பையனுக்கு ஏச்சு கிடைத்தது. "ஒரு காது வெளிய கெடக்கணும். ஆபரேட்டர் காத அடைப்பானா?" முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதும் ஜெயித்தோம். மூன்றாவதில் ஜெயித்தால் ஃபைனல். எதிரே ஒரு காலேஜ் அணி.

சமமாக வந்து கடைசி ரவுண்டு. பினு போனான். நான் போனேன். அவர்களிலும் ஓர் ஆள்தான் மிச்சம். அவன் பீப்பாய்க்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அண்ணனுடைய குறி அவன் பிடரியில். விரல் ட்ரிகரில். அமுக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

ஜன்னலுக்கு வெளியே சாப்பாட்டு வேன் ரிவர்ஸ் வந்தது. எவனோ கத்தினான். "நிப்பாட்டு! நிப்பாட்டு!"

கிரேன் அண்ணன் இரண்டு கையையும் எடுத்துவிட்டார். கன்ட்ரோலர் மடியில் கிடக்கிறது. கை இரண்டும் காற்றில். பீப்பாய்க்காரன் மெதுவாகத் திரும்பினான். பார்த்தான். அவனுக்கே நம்ப முடியவில்லை. அப்புறம் சுட்டான்.

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் பல் ஒன்றோடு ஒன்று கடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது அவர் பஸ்ஸில் முன்னால், நாங்கள் பின்னால். தக்கலை தாண்டினதும் பினு சொன்னான். "இனி ராபின்தான். நீ கேப்டன். நீயே சொல்லிரு."

மறுநாள் சாயங்காலம் ராபினை வைத்து ஆடினோம். நன்றாக ஆடினான். யாரும் யாரையும் ஏசவில்லை. ஜெயித்தோம். சப்பென்று இருந்தது.

அதற்கு மறுநாள் அவரே என் கடைக்கு வந்தார். ஒரு லாரி டயரின் மேல் உட்கார்ந்தார்.

"எனக்க எடம் போச்சா?"

இரண்டு நாளாக அடக்கி வைத்தது வெளியே வந்தது. "எவனோ வேனுக்குச் சொன்னான். உங்களுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுது."

"பொறவு?"

"மத்த சிக்னலுக்கு, கீழ நிக்குத சிக்னல்காரன் ஒருத்தன் சொல்லுகதத்தான் கேக்கணும். ஸ்டாப்பு அப்பிடி இல்ல. யாரு சொன்னாலும் நிப்பாட்டணும். சாயா கொண்டு வாறவன் சொன்னாலும். ஆருக்குச் சொன்னான்னு யோசிக்கப்பிடாது. யோசிக்குத நேரத்துல லோடு ஆளு மேல எறங்கிரும்."

"அது கேமு!"

"கைக்கு அது தெரியாதுலே."

எனக்கு இன்னும் ஏறியது. "பதினாறு வருசம் ஓட்டினியளே. இப்பிடி நிப்பாட்டி நிப்பாட்டி என்னத்தக் கண்டிய? உங்க கொக்கிக்குக் கீழ எத்தன பேருக்கு அடிபட்டிருக்கு? சொல்லுங்க!"

ஏச்சாகத்தான் கேட்டேன். அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். பதில் சொன்னார். அவர் சத்தம் போடாமல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அன்றுதான். பிறகு எழுந்து, என் கம்ப்ரசர் போடுகிற சத்தத்துக்கு அதை ஏசிவிட்டுப் போனார்.

பினு மாடியில் இருந்தான். "அண்ணன்ட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. அவருதான் ஆடுவாரு."

"தோக்கணும்னு நேர்ச்சை ஏதும் வச்சிருக்கியா? காரணத்தச் சொல்லு."

எனக்கு விளக்கிப் பேச வராது. அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். பதினாறு வருடத்தில் அவர் கொக்கிக்குக் கீழே அடிபட்டவர்கள்:

பூச்சியம்.