அந்த மூன்று பெண்களைப் பற்றி ஒரு விளக்கம்

ஓஸ்டர்முண்டிகன்,
ஒக்டோபர் 13.

பெருமதிப்புக்குரிய சகலன் கதிர்காமத்தம்பி அண்ணை அவர்கட்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் தங்கள் மைத்துனி இராஜேஸ்வரியும் இங்கு சுகம். தாங்களும் சரோஜினிதேவி மச்சாளும் மகள் லக்ஷனாவும் அவ்வண்ணமே சுகமாயிருக்க வேண்டுகிறேன் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தாங்கள் சுகமாக இல்லை என்பதும், அதற்கு முழுக் காரணமும் இதை எழுதிக்கொண்டிருக்கும் அடியேனே என்பதும் எனக்குத் தெரியுமாதலால் அந்த வரியை எழுதக் கை கூசுகின்றது. தொலைபேசியில் சொல்லலாம் என்றால், தங்கள் தொலைபேசியை இப்போது மச்சாள்தான் வைத்திருப்பதாக அறிகிறேன். ஆகவே சூக் நகரில் தாங்கள் வேலை செய்யும் உணவகத்து விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். தங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் முதலிலிருந்தே எழுதுகிறேன். ஏனென்றால் இதை மச்சாளும் வாசிக்க வேண்டும்.

அண்ணை, அந்தத் தாளில் எழுதியிருந்த மூன்று பெண்களும் பெண்கள் அல்ல. செடிகள். கஞ்சாச் செடிகள்.

தயவுசெய்து கடிதத்தைக் கீழே வைக்க வேண்டாம். இது வெறிக்கிற சாதி அல்ல. வெறிக்கிற சத்து ஒரு வீதத்துக்கும் குறைவான, இந்த நாட்டுச் சட்டம் விடுகிற சாதி. இங்கே அதை எண்ணெயாகவும் தேயிலையாகவும் கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள். எனக்கு அது தேவைப்பட்டது இராஜேஸ்வரியின் கைக்கு. இருபத்தாறு வருசம் மற்றவர்களின் கந்தோர்களையும் பள்ளிக்கூடங்களையும் துடைத்த கை. போன மாரியில் விரல் மொளியெல்லாம் வீங்கி, கறித்தூள் போத்தலைத் திறக்க ஏலாமல் என்னிடம் நீட்டுவா. கேட்டால், "ஒண்டுமில்லை, மூடி இறுக்கம்" என்பா. எனக்கு அந்த மூடி இறுக்கமில்லை என்று தெரியும் அண்ணை.

நான் பென்சன் எடுத்து அஞ்சு மாசம். ஆஸ்பத்திரிக் குசினியில் முப்பது வருசம் ஆயிரம் பேருக்குச் சமைச்சவன், இப்ப விடிஞ்சால் யன்னலடியில நிண்டு பத்தாம் நம்பர் பஸ் எத்தினை போகுது எண்டு பாக்கிறன். இப்பிடியிருக்க, ஆடி மாசம் ஒருநாள், கீழ்வீட்டு ஏபி அம்மா, எண்பது வயது வெள்ளைக்கார மனிசி, உடுப்புத் தோய்க்கிற அறையில வைச்சு, தன்ர முழங்காலுக்குத் தமக்கை கஞ்சா இலையில ஒரு களிம்பு காய்ச்சித் தாறவ, பூசினால் படியேறலாம் எண்டு ஏறியும் காட்டினவ. எனக்கு அண்டைக்கே மூளைக்குள்ள மின்னினது. வாங்கிறது என்னத்துக்கு, நானே வளர்த்து, நானே காய்ச்சி, ராஜியின்ர கையில பூசி, நோ பறந்தாப்பிறகு "இது என்ன தெரியுமோ?" எண்டு கேக்கவேணும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அண்ணை இவ்வளவும்.

அவவுக்கு முதலே சொல்லியிருக்கலாமே எண்டு நீங்கள் கேப்பியள். உங்கட மைத்துனியை உங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டில தந்த கேக்குக்குள்ள பிராந்தி விட்டிருக்கு எண்டு கேள்விப்பட்டு, பெட்டியோட திருப்பிக் குடுத்திட்டு வந்தவ. அவவிட்டப் போய்க் கஞ்சா எண்ட சொல்லைச் சொல்ல எனக்குத் தைரியம் வரேல்லை. ஆகவே இரகசியமாத் திட்டம் போட்டன். எங்கட வீட்டில குசினிக்குப் பக்கத்தில சாமான் போட்டு வைக்கிற சின்ன அறை ஒண்டு இருக்குதெல்லோ, யன்னல் இல்லாதது, அதை அவ கோயிலுக்குப் போற நேரத்தில அளந்தன். அளக்கிறதுக்கு உள்ளுக்குக் கிடந்ததுகளை வெளியில எடுத்தன். எடுத்ததைப் பாத்திட்டு அவ, மனிசன் பென்சன் எடுத்தாப்பிறகு வீடு துப்பரவாக்கிறார் எண்டு ஊரெல்லாம் சொல்லி, ஏழு வீட்டு ஆம்பிளையள் என்னோட கோவம்.

பிறகு பேர்ணில செடி வளர்க்கிற சாமான் விக்கிற கடையொண்டுக்குப் போனன். தொப்பியைக் கண்மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு போனன், தமிழ் ஆக்கள் ஆரும் கண்டாலும் எண்டு. கடைக்காரருக்கு என்ர வயதிருக்கும், மூக்கில வளையம். "எத்தினை மைட்சி வேணும்?" எண்டு கேட்டார். மைட்சி எண்டால் இந்தப் பக்கத்து ஆக்கள் பொம்பிளைப் பிள்ளைக்குச் சொல்லுறது. நான் திடுக்கிட்டுக் கதவைப் பாத்தன். அவர் சிரிச்சுப்போட்டு, இந்தச் செடியில ஆணும் பெண்ணும் இருக்கு, பூவில மருந்திருக்கிறது பெண்ணிலதான், ஆண் ஒண்டு உள்ளுக்கு வந்துதெண்டால் எல்லாம் விதையாப் போயிடும், மூண்டு மைட்சி உங்களுக்குக் காணும் எண்டார். நான் வீட்டை வந்து அவர் சொன்னதை அப்பிடியே எழுதினன். ராஜி கண்டாலும் விளங்கக் கூடாதெண்டு செடி எண்ட சொல்லை மட்டும் எழுதேல்லை. அந்தப் புத்திசாலித்தனம்தான் எங்களை இந்த இடத்தில கொண்டுவந்து விட்டிருக்கு. மச்சாள் வாசிச்ச தாளில இருந்தது இதுதான், ஒரு எழுத்தும் கூட்டிக் குறைக்காமல் எழுதுறன்:

"மூன்று பெண்கள் போதும். நாலாவதுக்கு இடமில்லை. ஆண் வந்தால் உடனே வெளியே போட வேண்டும், விட்டால் மூன்றும் கெட்டுவிடும். சின்ன அறைக்குள் வைத்து வெளியால் பூட்டுவது. பதினெட்டு மணித்தியாலம் லைட். தண்ணி அளவாக, கூடினால் சோம்பிப்போகும். மணம் வெளியே போகக் கூடாது, கீழ்வீட்டுக் கிழவிக்கு மூக்கு நல்லது. மனிசிக்குக் கடைசிவரை சொல்லக் கூடாது."

இதை மடிச்சு ஜக்கெற் பொக்கற்றுக்குள்ள வைச்சன். அக்காவும் தங்கச்சியுமாப் போய் மலிவு விற்பனையில எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நீலத்தில ஒரே அளவில எடுத்துத் தந்த ஜக்கெற். முதலாம் புரட்டாதிச் சனிக்குக் கோயிலில எள்ளெண்ணெய் எரிச்சு, சாப்பிட்டு, வெளிக்கிடேக்க நான் உங்கடையைக் கொழுவிக்கொண்டு வந்திட்டன், நீங்கள் என்ரையோட ரயில் ஏறீட்டியள். வீட்டை வந்து கையை விட்டால் உங்கட நெஞ்செரிவுக் குளிசை. உடன உங்களுக்குப் போன் எடுத்தன். மச்சாள்தான் எடுத்தவ. "அவர் கதைக்கிற நிலையில இல்லை" எண்டு வைச்சிட்டா. உங்களுக்கு நெஞ்செரிவாக்கும், குளிசையும் இங்க வந்திட்டுதே எண்டு நான் கவலைப்பட்டன். மடையன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் ஸ்டேசனில நிண்டு ஆரின்ரயோ போனில எடுத்தியள். அந்தக் கதையை நான் இப்ப நினைச்சாலும் தலையில அடிக்கிறன்.

"தம்பி, உன்ர எழுத்தைக் கண்டு பிடிச்சிட்டன்" எண்டியள்.

"ஐயோ அண்ணை, ராஜிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லுவனோடா? எண்டாலும்... மூண்டோ?"

"மூண்டுதான். அதுக்கு மேல என்னாலயும் பராமரிக்கேலாது."

பிறகு, "எந்த நாட்டில இருந்து எடுக்கிறாய்?" எண்டியள்.

"ஒண்டு ஒல்லாந்து எண்டு கடைக்காரர் சொன்னவர். மற்ற இரண்டும் இங்கத்தையான்."

"கடையோ! அதுக்குக் கடையும் இருக்கோ!" எண்டு சொல்லி மூச்சு வாங்கினியள். "பாவமடா தம்பி. சாப்பாடாவது ஒழுங்காக் குடுப்பியோ?"

"அது தனியப் போத்தலில விக்கினம் அண்ணை. கிழமைக்கு ஒருக்கால் காணும்."

நீங்கள் "முருகா" எண்டு சொல்லி வைச்சியள். நான் ரயில் வந்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்.

வியாழக்கிழமைதான் எனக்கு விளங்கினது. மச்சாள் அழுதழுது எடுத்தவ. ராஜிக்குப் போனைக் கையில பிடிக்கேலாதெண்டு மேசையில வைச்சு ஸ்பீக்கரில போட்டவ. "இந்த வயதில மூண்டு பொம்பிளையளாம், பூட்டி வைக்கிறதாம், ஆரோ எழுதிக் குடுத்திருக்கிறான், கேட்டால் இது என்ர அலுவல், விடு எண்டுறார்" எண்டு மச்சாள் குழறுறா. உங்கட எழுத்தில்லை எண்டு அவவுக்குத் தெரியும், ஆரின்ர எழுத்தெண்டு தெரியாது. உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருசத்துக்கு முதல் அகதி முகாமில ஒரே அறையில இருந்து உங்கட விண்ணப்பத்தையும் நான்தானே எழுதினனான். ஜக்கெற்றும் எழுத்தும் தம்பியின்ர எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நீங்கள் தப்பியிருப்பியள். ராஜியின்ர குடும்பம் உடைஞ்சிடும் எண்டு நினைச்சு வாயை மூடினியள். நான் அவ்வளவு கேவலமானவன் எண்டு நம்பியும் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. என்னைப் பற்றி அப்பிடி நம்பிட்டியளே எண்டு எனக்கு ஒரு சின்ன மனவருத்தம் இருந்தது உண்மை. அதைச் சொல்லுற தகுதி எனக்கில்லை.

ஏனெண்டால், போனை வைச்ச கையோட ராஜி என்னைப் பாத்து, "அத்தானைப் பாத்தியளோ? எப்பிடி இருந்த மனிசன். கடவுளே, எனக்கு இப்பிடியொரு புருசனைத் தந்தியே" எண்டு கண் கலங்கி, பொரிச்ச விளைமீனில நடுத்துண்டை எடுத்து என்ர கோப்பையில வைச்சவ. அப்ப சொல்லியிருக்க வேணும். வாய் திறந்தனான் அண்ணை, சத்தியமாத் திறந்தனான். திறந்த வாய்க்குள்ள மீன் போயிட்டுது. அந்தத் துண்டை நான் சாப்பிட்டன். நல்லாயும் இருந்தது. அதுதான் என்னால மறக்கேலாமல் இருக்கு.

பிறகு நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு மூண்டு கிழமை. உங்களை வரவேற்பறைச் சோபாவில படுக்க விட்டிருக்கு எண்டு கேள்விப்பட்டன், சொல்லேல்லை. லக்ஷனா உங்களோட கதைக்கிறேல்லை எண்டு கேள்விப்பட்டன், அப்பவும் சொல்லேல்லை. நேற்று முன்தினம் கடைசிச் சனி. வருசா வருசம் பூசை முடியத் தேவாரம் படிக்கிறது நீங்கள். இந்த முறை மச்சாள் முன்னுக்கு இருக்கிறா எண்டு நீங்களாவே பின்னால போய், செருப்புத் தட்டடியில நிண்டியள். கதவு திறக்கத் திறக்கக் குளிர் காத்து. நீங்கள் வெறும் சுவெற்றரோட. உங்கட ஜக்கெற் எண்டு மச்சாள் சாட்சிக்குப் பூட்டி வைச்சிருக்கிறது என்ர ஜக்கெற். உங்கட ஜக்கெற் என்ர உடம்பில கிடக்கு. போகேக்க கிட்ட வந்து, "வீட்டில சமாதானமோ தம்பி? அவளுக்கு ஒண்டும் தெரியாதே?" எண்டு கேட்டியள். ஓம் எண்டு தலையாட்டினன். "அது காணும்" எண்டு என்ர, இல்லை உங்கட, ஜக்கெற்றின்ர கொலரைச் சரிபண்ணிவிட்டியள். நான் பஸ்ஸுக்குள்ள அழுதன் அண்ணை. ராஜி சளியோ எண்டு கேட்டவ.

இவ்வளவுக்கும் நான் ஒரு விதை வாங்கேல்லை. ஒரு சட்டி, ஒரு லைட், ஒண்டும் வாங்கேல்லை. ஒரு இலை முளைக்கமுதல் உங்கட குடும்பத்தை அடியோட ஆட்டிப்போட்டன். அளந்த படத்தையெல்லாம் நேற்றுக் கிழிச்சுக் குப்பையில, கடதாசிக்கு எண்டிருக்கிற வாளியில, முறைப்படி போட்டன். இனி இந்த வீட்டில கறிவேப்பிலைகூட வளராது.

இந்தக் கடிதத்தை மச்சாளிட்டக் குடுங்கோ. என்னைப் பற்றி அவ என்ன சொன்னாலும் நீங்கள் குறுக்க கதைக்காதேங்கோ. ஒரேயொரு வேண்டுகோள்: ராஜிக்கு நானே ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன், அதுவரைக்கும் மச்சாள் அவவுக்குச் சொல்லாமல் இருக்க வேணும். அவை இரண்டு பேரும் நாளுக்கு மூண்டு தரம் கதைக்கிற ஆக்கள் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் கேக்கிறன். இவ்வளவு பிழை விட்டவன் இன்னுமொரு கோழைத்தனத்தையும் உங்களிட்டயே கேக்கிறன், ஏனெண்டால் எனக்கு இந்த நாட்டில கேக்க வேற ஆளில்லை.

தங்கள் பாதங்களில் விழுந்து மன்னிப்புக் கோரி, மச்சாளுக்கு என் வணக்கத்தையும் லக்ஷனாவுக்கு என் ஆசியையும் தெரிவித்து, தங்கள் இல்லத்தில் பழையபடி சிரிப்புச் சத்தம் கேட்க எல்லாம் வல்ல விநாயகப் பெருமானை இறைஞ்சி நிற்கும்,

தங்கள் அன்புச் சகலன்,
இ. உருத்திரமூர்த்தி

பி.கு.: அண்ணை, முத்திரை எடுக்க மற்ற அறைக்குப் போன இடைவெளியில ராஜி இதை முழுக்க வாசிச்சிட்டா. பேனைக்குக் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறா, தானும் நாலு வரி எழுத வேணுமாம், எழுதித் தானே ஒட்டுவாவாம், நான் பாக்கக் கூடாதாம்.

அத்தானுக்கு,
அக்காவுக்கு இப்பவே போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். முதல் சிரிச்சா, பிறகு அழுதா. இந்தக் கடிதம் கிடைக்கமுதலே உங்களுக்குப் புட்டு அவிச்சுத் தந்திருப்பா, இனி நேரத்துக்கு வீட்டை போங்கோ. இவரோட நான் ஒரு கிழமைக்குக் கதைக்கப் போறேல்லை, அது வேற.
ஒரு விசயம் உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும். என்ர கைக்குத் தை மாசமே டொக்டர் ஊசி போட்டவர். மாசி முடிய நோ முழுக்கப் போயிட்டுது. சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். அதுக்கிடையில இவர் என்ர கை இன்னும் நோகுது எண்டு நினைச்சுக் காலமை எழும்பித் தேத்தண்ணி போடவும் தேங்காய் துருவவும் பழகிட்டார். முப்பத்தைஞ்சு வருசத்தில முதல்தரம். தயவுசெய்து ஒருத்தரும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.
ராஜி