வில்ஃப்ரட்டின் பேரி மரத்தின் மேல் நான் போட்ட வழக்கு

கோர்ட்டில் ஏறி நியாயம் வாங்கியே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முட்டை வேகும் நேரத்துக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

காரணம், பக்கத்து வீட்டு வில்ஃப்ரட். மார்ச் மாதக் காற்றில் அவனுடைய பேரி மரக்கிளை முறிந்து நான் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் குடிலின் மேல் விழுந்தது. ஆறு கண்ணாடி தூள்.

"காத்து செஞ்சதுக்கு நான் என்னடா பண்றது?"

"கிளை பட்டுப்போச்சுன்னு போன வருஷமே சொன்னேன்ல?"

பத்தொன்பது வருஷம் ஞாயிறு தவறாமல் சீட்டாடிய இரண்டு பேரும் அன்றோடு பேச்சை நிறுத்தினோம்.

"என்னங்க, கோர்ட்டெல்லாம் எதுக்கு? மொதல்ல வேலியோரமா போய் அவர்கிட்ட பேசுங்க" என்றாள் என் மனைவி மொரீன்.

"பேச்செல்லாம் முடிஞ்சுது. இனி எழுத்துதான்."

எங்கள் நாட்டுச் சட்டம் ஒரு மாதிரியானது. சண்டைக்கு வந்தவனிடம் அது முதலில் கேட்பதே, "எதிராளிக்கு லெட்டர் போட்டாச்சா?" என்றுதான். போட்டேன். நான்கு பக்கம், பதினாலு நாள் கெடு. அவன் பதில் ஒரே வரி: "காற்றைப் போய்க் கேள்."

வழக்குப் பதிவானது. நான் புது டை வாங்கினேன். "மதிப்புக்குரிய நீதிபதி அவர்களே" என்று பூனையிடம் தினமும் பேசிப் பழகினேன். பூனை எனக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னது.

அக்டோபரில் கடிதம் வந்தது. மொரீன்தான் படித்தாள்.

"நீதிபதி அப்புறமாம். மொதல்ல போன்ல சமரசமாம். ஒரு அம்மா உங்ககிட்டயும் அவர்கிட்டயும் மாறி மாறிப் பேசுவாங்க. ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்காது."

"மாட்டேன்னா?"

"நீதிபதி உங்க மேலதான் கோவிச்சுக்குவாரு."

வியாழக்கிழமை, பத்து மணி. மொரீன் கேக் டப்பாவோடு சர்ச் கூடத்துக்கென்று கிளம்பினாள். நான் டை கட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. வில்ஃப்ரட்டிடம் பேசிவிட்டு வந்த சமரச அம்மாதான்.

"ஆறு கண்ணாடியையும் தன் கையாலயே மாட்டித் தர்றேங்கிறாரு சார்."

இவ்வளவு சுலபமா! நெஞ்சு நிமிர்ந்தது.

"ஆனா மூணு நிபந்தனை. ஒண்ணு, உங்க கூரைத் தண்ணிக் குழாய் ஒழுகுதாம். ஒரு மாசத்துல சரி பண்ணணும்."

"அது எங்க சமையலறை ஜன்னல் பக்கம் ஒழுகுதும்மா! அவனுக்கு என்ன வந்தது?"

"மனசு கேக்கலையாம். ரெண்டு, ஷெட்ல இருக்கிற பதினோரு உடைஞ்ச புல்வெட்டி மிஷினும் வெளிய போகணும்."

"பூட்டின ஷெட்! எண்ணிக்கை எப்படித் தெரிஞ்சுது?"

"நான் சேதி சொல்றவ சார். மூணாவது, ஞாயித்துக்கிழமை சீட்டாட்டத்தை மறுபடி ஆரம்பிக்கணும்."

நான் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஏழு மாதமாக ஞாயிறு மாலையில் அந்தப் பக்கம் வெறும் ரேடியோ பாடும். இந்தப் பக்கம் நான் தனியாகச் சீட்டைக் கலைத்துக் கலைத்து அடுக்குவேன். நீதிபதி எனக்கு ஆறு கண்ணாடி வாங்கிக் கொடுப்பார். ஆடுவதற்கு ஆள் வாங்கிக் கொடுப்பாரா?

"மூணுக்கும் சம்மதம்" என்றேன்.

"எழுத்துல வந்துட்டா சட்டப்படி செல்லும் சார். மீறினா கோர்ட் கேக்கும்."

"கேக்கட்டும்மா."

போனை வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. என் வீட்டில் தினமும் கேட்கும் சிரிப்பு.

ஓடினேன். வில்ஃப்ரட் வீட்டுச் சமையலறையில் கேக் டப்பா திறந்திருந்தது. வில்ஃப்ரட்டின் வாயெல்லாம் கேக் துகள். எதிரே மொரீன், கையில் பேனாவும் ஒரு பட்டியலும்.

"சர்ச் கூடம் இங்கயா இருக்கு?"

"எதிர்த்தரப்புக்கு ஒரு துணை வேணாமாங்க?"

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத்தான் மார்ச்சுலயே சொன்னேனே, வேலியோரமா போய்ப் பேசுங்கன்னு."

வில்ஃப்ரட் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். கேக் நன்றாகத்தான் இருந்தது.

ஒப்பந்தம் இப்போது எங்கள் ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கிறது. மொரீன் வருஷக்கணக்காகச் சொல்லியும் நான் செய்யாத வேலைகளை, நானே வழக்குப் போட்டு, நானே டை கட்டி, என் மேலேயே சட்டப்படி சுமத்திக்கொண்டேன்.